‘ஆள் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் பட்டறை உரிமையாளர்களுக்கு

மதிப்புக்குரிய அண்ணன்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

சென்னையில் எந்தக் கார் பட்டறைக்குள் நுழைந்தாலும் தேநீர் வருவதற்குள் ஒரு புலம்பல் வந்துவிடுகிறது: ஆள் கிடைக்கவில்லை. உதிரிபாகம் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனாலும், பழைய கதவோ முகப்பு விளக்கோ தேடிப் புதுப்பேட்டையில் அலைந்தாலும் காதில் விழுவது இதுதான். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் கிரீஸ் படக் கூடாது, கைப்பேசி இருந்தால் போதும்” என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள். நானும் ஒரு பட்டறையில் வேலை செய்பவன்தான். ஆள் குறைந்தால் என் தலையிலும்தான் வேலை ஏறுகிறது. ஆனாலும் இந்தப் புலம்பலில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்பதை, வந்து நின்ற ஒருவன் சொன்னால் கேட்பீர்கள் என்று நம்பி இந்த மடலை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதைத் தாண்டும்வரை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, விபத்தில் அடிபட்ட வாகனங்களின் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நசுங்கிய பம்பரையும் வளைந்த சேஸிஸையும் படத்தில் பார்த்துப் பார்த்து, அவற்றைக் கையால் தொட்டுச் சரிசெய்ய ஆசை வந்தது என்று சொன்னால் என் மாமியார் இன்றும் நம்புவதில்லை. வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஹெல்பராகச் சேர்ந்தேன். இன்று எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கும் ஒரு நடுத்தரப் பட்டறையில் மின்சார, மின்னணுக் கோளாறுகளைக் கவனிக்கிறேன். என் கதை இவ்வளவு போதும். சொல்ல வந்தது உங்களைப் பற்றி.

உங்களில் பெரும்பாலோர் இந்தத் தொழிலுக்கு வந்த வழி வேறு. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவோ மாமாவோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேஸ்திரியிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார். சம்பளம் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணி. முதல் வருடம் டீ வாங்கி வருவதும் நட்டு போல்ட்டைப் பெட்ரோலில் கழுவுவதும்தான் வேலை. அடுத்த வருடம், கேட்ட மாத்திரத்தில் பதினான்கு–பதினைந்து ஸ்பேனரை எடுத்து நீட்டத் தெரிந்திருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்ற விடுவதற்கே அதன்பிறகுதான் முறை வரும். தப்பு செய்தால் அதே ஸ்பேனர் முதுகில் விழும். அப்படி வளர்ந்த உங்கள் கைக்கும் காதுக்கும் முன்னால் நான் இன்றும் மாணவன்தான். என்ஜின் ஓடும் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டுவிட்டு, எந்த வால்வில் இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

ஆனால் அந்த வழி அடைபட்டுவிட்டது. அடைபட்டது நல்லதற்கே. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் மோட்டார் பட்டறைகளும் இருந்தன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகளைத் தவிர, 14 வயது நிரம்பாத பிள்ளையை இனி எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்க முடியாது. உங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அப்படியானால் இன்று உங்கள் வாசலில் வந்து நிற்பவர் யார்? பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் படித்த இளைஞர். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காத டிப்ளமோக்காரர். இருபத்தெட்டு வயதில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர். தொழிற்சாலை மூடியதால் வேலையிழந்தவர். என்னைப்போல் அலுவலக நாற்காலியை விட்டு எழுந்து வந்தவர். இவர்கள் யாரும் சிறுவர்கள் அல்லர். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டியவர்கள். இவர்களிடம் போய், “பக்கத்தில் நின்று பார், தானாக வந்துவிடும், ஐந்து வருடம் ஆகட்டும்” என்கிறீர்கள். அந்தப் பாடத்திட்டம், காலத்துக்கு விலையே இல்லாத ஒரு சிறுவனுக்காக ஏற்பட்டது. வருகிறவர் மாறிவிட்டார், பாடம் மாறவில்லை. ஆறாவது மாதத்தில் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு உணவு விநியோகம் செய்யப் போய்விடுகிறார். அங்கே முதல் நாளிலிருந்தே கையில் காசு வருகிறது. அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் உங்களிடம் முதன்மையாகக் கேட்பது சம்பளம்கூட அல்ல. வேலையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

பார்த்தே கற்றுக்கொள்வது கார்புரேட்டர் காலத்துக்குப் பொருந்தியது. பிரித்தால் ஜெட் கண்ணுக்குத் தெரியும், மிதவை தெரியும், அடைப்பும் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் தேய்ந்திருப்பது தெரியும். மேஸ்திரி என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பவன் ஏன் செய்கிறார் என்பதையும் பாதியாவது ஊகித்துவிடுவான். இன்றைய காரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பி.எஸ்.4லிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஆறுக்குக் குதித்தோம். எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி சாதாரணமாகிவிட்டது. வேளச்சேரிக்கும் அடையாறுக்கும் மட்டும் ஓடுகிற கார் ஒன்று, மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிய உங்களிடம் வருகிறது. சீனியர் மெக்கானிக், காரின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, இரண்டு மூன்று இடங்களில் விரலால் தொட்டு, என்ஜினை உயர் வேகத்தில் ஓடவிட்டு அரைமணி நேரத்தில் அனுப்பிவிடுகிறார். பக்கத்தில் நின்ற ஹெல்பர் பார்த்தது என்ன? ஒரு விரல் ஒரு திரையைத் தொட்டதை மட்டும்தான்.

அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்த வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சாம்பலாக வேண்டுமானால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. வண்டி தானாக எரிக்கத் தொடங்கும்போது ஓட்டுநர் வீடு வந்து சேர்ந்து சாவியைத் திருப்பிவிடுகிறார். இப்படிப் பாதியில் நின்று நின்று, எரிக்கத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறுகிறது. ஆகவே இப்படிப்பட்ட வண்டியில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொன்னால் அடுத்த வண்டியில் குச்சியை அவரே முதலில் எடுத்துப் பார்ப்பார்.

இன்னொன்று சொல்கிறேன், இது என் துறை என்பதால் கொஞ்சம் நீளும். பெட்ரோல் காரில் ஸ்கேனர் பி0171 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டுகிறது. கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று பொருள். அதைப் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்துச் சொன்னது. உடனே பல பட்டறைகளில் என்ன செய்கிறோம்? அந்த ஆக்சிஜன் சென்சாரையே மாற்றுகிறோம். தந்தி கொண்டுவந்தவனைக் கட்டிப்போட்டு அடித்த கதைதான். வாடிக்கையாளர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார், நான்கு நாளில் விளக்கு மறுபடி எரிகிறது. ஸ்கேனரிலேயே எரிபொருள் திருத்தம், அதாவது குறையை ஈடுகட்டக் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது என்று, ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி சும்மா நின்று ஓடும்போது அந்த எண் கூடுதலாகவும், நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றினால் குறைந்தும் வந்தால், எங்கோ ஒரு குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்கலாம். சுமை கூடக்கூட எண்ணும் ஏறினால், பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் நோக்கிப் போக வேண்டும். சென்சாருக்குக் கை நீளுவது கடைசியில்தான். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் படித்த யாரும் புரிந்துகொள்வார். அலுவலகத்தில் எண்களோடு மாரடித்துவிட்டு வந்தவர் இன்னும் விரைவாகப் பிடித்துக்கொள்வார். முப்பது வயதில் வருகிறவரின் முழங்கால் உங்கள் பழைய பையனின் முழங்கால்போல் மடங்காது என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பொறுமையாகப் படிக்கவும் எழுதிவைக்கவும் வாடிக்கையாளரிடம் பேசவும் தெரியும். அந்த மூன்றையும் பயன்படுத்தாமல் அவரைக் கார் கழுவ வைக்கிறீர்கள்.

ஒரு மல்டிமீட்டரும் ஒரு பழைய வண்டியும் இருந்தால் மாதக்கணக்கில் பாடம் நடத்தலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசிச் சாக்கெட்டில் ஆறாவது, பதினான்காவது ஊசிகளுக்கு இடையே அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் காட்டினால் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு முழுதாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறதா? புதிய பேட்டரி விற்பதற்கு முன், சுற்றும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே அளக்கட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி துருப்பிடித்த எர்த் பட்டை. ஒவ்வொரு வண்டிக்கும் புகார் என்ன, எதை அளந்தோம், எதைக் கண்டோம் என்று மூன்று வரி எழுதும் நோட்டு ஒன்று அவரிடம் இருக்கட்டும். மாலையில் கடை அடைப்பதற்கு முன் சீனியர் அதைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

இது ஏதோ தர்ம காரியம் என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே வாரத்தில், தண்ணீர் புகுந்த வண்டிகள் தெருமுழுக்க வரிசையில் நின்றன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், காற்றுபோல் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அந்த ஒரு வரியைத் தெரிந்த ஹெல்பர்கள் இருந்த பட்டறைகள் ஆட்களை நான்கு திசைக்கும் அனுப்பி வேலை பார்த்தன. மற்றவற்றில் ஒரே ஒரு சீனியர், எல்லா வண்டிக்கும் அவர் ஒருவரே, இரவு பதினொரு மணிவரை.

சொல்லிக் கொடுக்கத் தயங்குவதற்கு நீங்கள் வெளியில் சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது. “எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவான்.” இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம்.

கார் நிறுவனங்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? சேவைக் கையேட்டைத் தருவதில்லை, அசல் உதிரிபாகத்தை வெளியில் விற்பதில்லை, ஸ்கேனர் மென்பொருளைப் பூட்டிவைத்திருக்கிறார்கள், எல்லாம் அவர்களுடைய சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள் என்கிறீர்கள். நியாயமான கோபம். இந்தியப் போட்டி ஆணையமும் 2014 ஆகஸ்ட் 25 அன்று அதையேதான் சொன்னது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு அதற்குப் பிறகும் மேல்முறையீடு என்று நீண்டது, அது வேறு கதை. 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தபோது, அதன் பட்டியலில் வாகனத் துறையும் இருந்தது. இந்தச் செய்திகளைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோம். நல்லது. ஆனால் நிறுவனம் உங்களுக்கு மறைப்பது அநியாயம் என்றால், நீங்கள் உங்கள் ஹெல்பருக்கு மறைப்பது என்ன? ஸ்கேனரைத் தொடக் கூடாது என்று அலமாரியில் பூட்டிவைக்கும் பட்டறைகள் எத்தனை! டைமிங் செயின் மாட்டும்போது மட்டும் “போய் டீ சொல்லிவிட்டு வா” என்று அனுப்பிவைக்கும் சீனியர்கள் எத்தனை பேர்!

எதிரில் கடை போடுவானா? ஒருவேளை போடுவான். நீங்களும் உங்கள் மேஸ்திரியை விட்டு வந்து கடை போட்டவர்தானே. சென்னையில் ஓடும் கார்களுக்குப் பட்டறைகள் போதவில்லை என்பதை உங்கள் வாசலில் நிற்கும் வரிசையே சொல்கிறது. பயம் இருந்தால் வேலைக்குச் சேர்க்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டாண்டு இங்கே இருக்க வேண்டும், அந்த இரண்டாண்டில் இன்னின்ன வேலைகளைத் தனியாகச் செய்யும் அளவுக்கு நாங்கள் கற்றுத்தருவோம், இன்னின்ன கட்டத்தில் சம்பளம் இவ்வளவு ஏறும். மூன்றாம் மாத முடிவில் பொது சர்வீஸ், பிரேக், சக்கர பேரிங். ஒரு வருடத்தில் கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி.யின் அடிப்படை. அடுத்த வருடம் என்ஜின் பழுதறிதலும் மின்சாரமும். இது என் கணக்கு. உங்கள் பட்டறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த பாதையில் குறைந்த சம்பளத்துக்கும் ஒரு மனிதர் நடப்பார். முடிவே சொல்லாமல் “பார்க்கலாம்” என்றால் நடக்க மாட்டார்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கற்றுக்கொள்பவருக்கு முழுச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பதை ஏற்கிறேன், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவன்தான் நான். ஆனால் தொழில் பழகுநர் திட்டத்தைப் பற்றி உங்களில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறீர்கள்? அது பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்களே அதிகம். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி நான்கு பேர் வேலை செய்யும் இடமே விரும்பினால் பழகுநரை எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுப்பது கட்டாயம். தேசியத் திட்டத்தின் கீழ் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய்வரை, ஒன்றிய அரசு ஏற்கும் என்று வகுத்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், தாள்கள் நிரப்ப வேண்டும், தலைவலிதான். அந்தத் தலைவலியை, அலுவலகத்திலிருந்து வந்த உங்கள் புதிய ஹெல்பரிடமே ஒப்படையுங்கள். அவர் அதில் தேர்ந்தவராக இருப்பார்.

ஐ.டி.ஐ. முடித்து வருகிறவர்களைப் பற்றி நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வது, “சர்டிபிகேட் இருக்கிறது, சக்கரம் கழற்றத் தெரியவில்லை.” இதில் உண்மை இருந்தது. என்றோ தயாரிப்பு நின்றுபோன என்ஜினை வெட்டிக் காட்சிக்கு வைத்திருந்த வகுப்பறைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2022இல் தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜீஸுடன் ஒப்பந்தம் போட்டு, சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்கும் வேலையைத் தொடங்கியது. மின்சார வாகன மெக்கானிக் என்று தனிப் பிரிவே வந்திருக்கிறது. அங்கிருந்து வருகிற பிள்ளைக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கலாம். அதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அருகில் உள்ள ஐ.டி.ஐ.யின் பயிற்றுநரை ஒருமுறை டீக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். யாரை நம்பி அனுப்பலாம் என்று அவரும் பட்டறை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஆளை அனுப்புவதை நிறுத்துங்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டு ஒரு கிளட்ச் செட்டை விட விலை குறைவு. பல வருடம் பழகியவருக்கு வண்டி அசையும் முன்பே உடம்பு சொல்லிவிடும். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. பிரேக் டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியைக் கிளப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலை விட்டுப் போகாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய என்ஜின் ஆயிலில் கை ஊறுவதும், பிறகு அந்தக் கையைப் பெட்ரோலில் கழுவுவதும் தோலுக்கு எவ்வளவு கேடு என்பதை உங்கள் சொந்த விரல் இடுக்குகளைப் பார்த்தாலே தெரியும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளும் புதியவரைப் பார்த்து, “என்ன, டாக்டருக்குப் படிக்கிறாயா?” என்று கேலி செய்பவர்கள்தான் அவரை முதலில் விரட்டுகிறார்கள்.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு இது விளையாட்டல்ல. ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது பல கார்களில் 300 வோல்ட்டுக்கும் மேல். 12 வோல்ட் பழக்கத்தில் வளர்ந்த கை, தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால் இரண்டாவது பாடத்துக்கு வாய்ப்பில்லை. உயர் அழுத்த இணைப்பைத் துண்டிக்கும் முறை, அதன் பிறகு காத்திருக்க வேண்டிய நேரம், அழுத்தம் இல்லை என்று மீட்டரில் உறுதிப்படுத்துவது, 1,000 வோல்ட் தாங்கும் கையுறை ஆகிய நான்கும் இல்லாத பட்டறை அந்த வண்டியை உள்ளே விடவே கூடாது. ஏர்பேக் வேலையும் இப்படித்தான். கொஞ்ச நேரம் காத்திருக்காமல், பேட்டரியைக் கழற்றிய அடுத்த நொடியே, ஏர்பேக் இருக்கும் ஸ்டியரிங்கில் கை வைப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். புதியவருக்குப் பயம் வரும் என்றால் வரட்டும்.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் உங்களுக்குச் செலவே இல்லாதது. வேலையை விட்டுப் போகிறவருக்கு அனுபவச் சான்று கொடுங்கள். பட்டறையில் வேலை கற்றவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. அதில் தேறினால் வகுப்பில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே தேசியச் சான்றிதழ் கையில் வரும். துபாயோ சிங்கப்பூரோ போகவும், ஒரு வங்கியில் கடன் கேட்கவும் அந்தத் தாள்தான் பேசும். ஆனால் விண்ணப்பிக்க, ‘இவர் எங்களிடம் இவ்வளவு காலம் இந்த வேலை பார்த்தார்’ என்று ஒரு நிறுவனத்தின் கடிதம் வேண்டும். பதிவே செய்யாத பட்டறையில் பத்து வருடம் உழைத்தவர் கையில் அந்தக் கடிதம் இருக்காது. “கடிதம் கொடுத்தால் லேபர் ஆபீஸர் வந்து கேள்வி கேட்பார்” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கேட்கட்டுமே.

அதுபோலவே, தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து நல வாரியம் ஒன்று இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் உறுப்பினராகலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் அவருக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பம் போட ஓர் அரைநாள் விடுப்பு கொடுத்தால் போதும்.

பேச்சைப் பற்றி. உங்களை ‘அண்ணே’ என்று கூப்பிடும் முப்பத்தைந்து வயதுக்காரரை வாடிக்கையாளர் முன்னால் ‘டேய்’ என்று கூப்பிடாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. பெண்களும் இத்தொழிலுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள், இருசக்கர வாகனப் பட்டறைகளில் முதலில், இப்போது கார்களிலும். “பெண்ணுக்கு இந்த வேலை ஒத்துவருமா?” என்று யோசிப்பதற்கு முன், உங்கள் ஷெட்டில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததால் ஆண்களும்தான் துன்பப்படுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் ஒருபக்கமாகிவிடும். நடுவயதில் வருகிறவர்களில் சிலர் யூடியூபில் நான்கு காணொளிகளைப் பார்த்துவிட்டு, நாற்பது வருட அனுபவக்காரரிடம் வாதம் செய்கிறார்கள். சிலருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. முதல் மாதமே மாடிஃபிகேஷன் செய்ய ஆசைப்பட்டு, வடிகால் போல்ட்டைச் சரியாக முறுக்கத் தெரியாமல் ஆயில் தட்டின் மரையைக் கெடுத்துவிடுவார்கள். தரையைப் பெருக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இவர்களை இரண்டு வாரத்தில் அடையாளம் கண்டு அனுப்பிவிடுவதில் தவறே இல்லை. தரை பெருக்குவதும் ஸ்பேனர் துடைப்பதும் தொழிலின் பகுதிதான், நானும் செய்தேன், இன்றும் என் இடத்தை நான்தான் பெருக்குகிறேன். பெருக்குவது மட்டுமே வேலை என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

எல்லாப் பட்டறைகளாலும் தனியாக வகுப்பு நடத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சேர்ந்து வசூல் செய்கிறீர்கள், உதிரிபாகக் கடைக்காரர் விலை ஏற்றினால் சேர்ந்து சண்டை போடுகிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு பட்டறையில், பக்கத்துப் பட்டறை ஹெல்பர்கள் எல்லோரையும் உட்காரவையுங்கள். காது தேர்ந்த பெரியவர் ஒருவர் என்ஜின் சத்தத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். ஏ.சி. பார்க்கிறவர், வாயு அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்ப்பதைக் கற்றுக் கொடுக்கட்டும். மின்சாரப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். மல்டிமீட்டரும் நானே கொண்டுவருகிறேன். கோளாறுள்ள வண்டி ஒன்றும், இருபது பேருக்கு மதியச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கத்துச் சங்கங்கள் எந்த ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள், தை பிறந்த பிறகு எந்த ஞாயிறும் எனக்குச் சரி.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் வேலை பார்க்கும்
ஒரு கார் மெக்கானிக், சென்னை